முதல்முறை சைக்கோசிஸ்: மூளை ஸ்கேன் கட்டாயமா? 'ரிப்போர்ட் நார்மல்' என்றால் நோய் இல்லை என்று அர்த்தமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் உப்பனாற்றை ஒட்டி இருக்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லி, ரசாயனப் பொருட்கள் தயாரிக்கும் ஆலைகள் இங்கே உள்ளன. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்ததும் முதலில் வேலை தேடி வருவது இங்கேதான்.

அப்படி வேலைக்குச் சேர்ந்த 21 வயது இளைஞர் ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இது எந்தத் தனிநபரின் கதையும் அல்ல. மனநல மருத்துவர்களிடம் வரும் குடும்பங்கள் பலவற்றிலும் நடப்பது இதுதான்.

நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிறவர் பகலிலும் தூங்குவதில்லை. கூட வேலை செய்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறார். செல்போனில் யாரோ தன்னைக் கண்காணிப்பதாகச் சொல்லி சிம்மைக் கழற்றி வீசுகிறார். அறையில் யாரும் இல்லாதபோது யாருக்கோ பதில் சொல்கிறார். இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை.

"ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம், தலைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிடும்" என்று வீட்டில் முடிவு செய்கிறார்கள். கடன் வாங்கி எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். ரிப்போர்ட் 'நார்மல்' என்று வருகிறது. அம்மாவுக்கு நிம்மதி. தாய்மாமன் சொல்கிறார்: "ஸ்கேன்லயே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே அக்கா, அப்புறம் எதுக்குப் புள்ளைக்கு மாத்திரை?"

தவறு தொடங்கும் இடம் அந்தக் கேள்விதான். மூளை ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் சில மாதங்களையும் கணிசமான பணத்தையும் இழக்காமல் இருக்கும்.

சைக்கோசிஸ் என்றால் என்ன?

எது நிஜம், எது நிஜமில்லை என்று பிரித்தறியும் திறன் குலைந்துபோகும் நிலைதான் சைக்கோசிஸ். இது ஒரே ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் எப்படிப் பல நோய்களில் வருமோ, அதுபோல சைக்கோசிஸும் பல காரணங்களால் வரலாம். அதன் முக்கிய அறிகுறிகள்:

- மற்றவர்களுக்குக் கேட்காத குரல்கள் கேட்பது, இல்லாத உருவங்கள் தெரிவது
- தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள், விஷம் வைக்கிறார்கள், செய்வினை வைத்துவிட்டார்கள் என்ற அசைக்க முடியாத நம்பிக்கை
- பேச்சு கோர்வையில்லாமல் போவது
- தூக்கம் கெடுவது, குளிக்காமல் சாப்பிடாமல் ஒதுங்கியே இருப்பது, படிப்பிலோ வேலையிலோ திடீர் சரிவு

பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து 30 வயதுக்குள் இது முதன்முதலில் தலைகாட்டுகிறது. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிசோஃப்ரினியா, இருதுருவ மனநோய், தீவிர மனச்சோர்வு, கஞ்சா போன்ற போதைப்பொருட்கள் ஆகியவை முக்கியக் காரணங்கள். சிலருக்குச் சில நாட்களே நீடித்து முழுமையாகச் சரியாகிவிடுவதும் உண்டு.

இவை தவிர, மூளையிலோ உடலிலோ உள்ள வேறொரு நோய் சைக்கோசிஸ் வேஷத்தில் வருவதும் உண்டு. ஸ்கேனின் வேலை இந்த இடத்தில்தான்.

ஸ்கேன் எதைப் பார்க்கிறது?

மூளைக்கு வழக்கமாக எடுக்கப்படுபவை இரண்டு. ஒன்று சிடி ஸ்கேன். எக்ஸ்ரே கதிர்களைக் கொண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். ரத்தக்கசிவு, எலும்பு முறிவு, பெரிய கட்டி ஆகியவற்றை வேகமாகக் காட்டும். சில மாதங்களில் இயற்கையாக நம் உடலில் படும் கதிர்வீச்சின் அளவுக்கு இதில் கதிர்வீச்சு உண்டு.

இன்னொன்று எம்ஆர்ஐ. காந்தப்புலத்தாலும் ரேடியோ அலைகளாலும் இயங்குவது. எக்ஸ்ரே கதிர்வீச்சு கிடையாது. 20 முதல் 40 நிமிடம் வரை ஆகும். சிடியில் தெரியாத சிறிய மாற்றங்களும் இதில் தெரியும்.

இரண்டுமே காட்டுவது மூளையின் அமைப்பை, அதாவது கட்டடத்தை. ஒரு வீட்டின் சுவர் இடிந்திருக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று போட்டோ சொல்லும். வீட்டுக்குள் இருப்பவர்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று சொல்லாது. குரல் கேட்பதும் சந்தேகப்படுவதும் அந்தப் பேச்சைப் போன்றவை. நரம்பு செல்களுக்கு இடையிலான ரசாயனத் தொடர்பில் நடக்கும் மாற்றங்கள் வழக்கமான ஸ்கேன் படத்தில் பதிவாகாது.

அதனால்தான் மனச்சிதைவு இருக்கிறதா இல்லையா என்பதை எந்த ஸ்கேனாலும் சொல்ல முடியாது. நோயாளியிடம் பேசி, குடும்பத்திடம் கேட்டு, சில வாரங்கள் கவனித்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உலகம் முழுக்க இன்றைக்கும் இதுதான் முறை.

அப்போ, மூளையில் மாற்றமே இல்லையா?

இருக்கிறது. 1976ஆம் ஆண்டு பிரிட்டனில் ஈவ் ஜான்ஸ்டன் தலைமையிலான குழு, நீண்டகாலமாக மனச்சிதைவு இருந்த 17 பேருக்கு சிடி ஸ்கேன் எடுத்தது. மூளைக்குள் திரவம் நிறைந்திருக்கும் அறைகள் அவர்களுக்குச் சராசரியாகப் பெரிதாக இருந்தன. மனச்சிதைவுக்கு உடல்ரீதியான அடிப்படை உண்டு என்பதற்கு அது ஒரு பெரிய ஆதாரமாக அமைந்தது.

அதன் பிறகு நூற்றுக்கணக்கான ஆய்வுகள் வந்துவிட்டன. 'எனிக்மா' என்ற சர்வதேசக் கூட்டமைப்பு 2016இல் வெளியிட்ட ஆய்வில் மனச்சிதைவு உள்ள 2,028 பேரின் ஸ்கேன்களும், நோய் இல்லாத 2,540 பேரின் ஸ்கேன்களும் ஒப்பிடப்பட்டன. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட சில பகுதிகள் நோயுள்ளவர்களுக்குச் சராசரியாகச் சற்றுச் சிறிதாக இருந்தன.

இங்கே 'சராசரியாக' என்ற வார்த்தைதான் முக்கியம். இரண்டு ஊர் ஆட்களின் உயரத்தை அளந்தால், ஓர் ஊரின் சராசரி அரை அங்குலம் குறைவாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒருவரின் உயரத்தைப் பார்த்து இவர் எந்த ஊர்க்காரர் என்று சொல்ல முடியாது. மூளை ஸ்கேனிலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒருவரின் படத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் நோய் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று பிரிக்க முடியாது.

கம்ப்யூட்டர் உதவியோடு, ஸ்கேனையும் மற்றத் தகவல்களையும் சேர்த்து, யாருக்கு நோய் தீவிரமாகும் என்று முன்கூட்டியே கணிக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடக்கின்றன. அவை இன்னும் ஆராய்ச்சிக் கூடத்தைத் தாண்டி வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை. கலர் கலரான மூளைப் படத்தைக் காட்டி, 'இதோ உங்கள் பிள்ளையின் மனநோய் இங்கே இருக்கிறது' என்று யாராவது சொன்னால், அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை.

பிறகு ஸ்கேன் எதற்கு?

வேறு நோய் இல்லை என்று உறுதிப்படுத்துவதற்கு. சைக்கோசிஸ் போலவே தோன்றவைக்கும் சில மூளைப் பாதிப்புகள் ஸ்கேனில் தெரியும்:

- மூளைக் கட்டி
- தலையில் அடிபட்டதால் ஏற்பட்ட ரத்தக்கசிவு அல்லது பழைய காயம்
- காசநோய் மூளையைத் தாக்கியிருப்பது
- பன்றி நாடாப்புழுவின் இளம்புழுக்கள் மூளையில் தங்கும் நோய். பன்றிக்கறி சாப்பிடாதவர்களுக்கும் இது வரும். சுத்தமில்லாத தண்ணீர், சரியாகக் கழுவாத காய்கறி வழியாக முட்டைகள் உடலுக்குள் போனால் போதும். வலிப்புதான் இதன் பொதுவான அறிகுறி
- மூளை நரம்புகளின் உறை சிதையும் நோய்கள்
- உடலில் தாமிரம் சேர்ந்துவிடும் வில்சன் நோய்

இவற்றில் பலவற்றுக்குத் தனி மருந்தோ அறுவை சிகிச்சையோ உண்டு. மனநல மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தால் அசல் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போகும். எனவே ஸ்கேனே வேண்டாம் என்று சொல்வதும் சரியல்ல.

18 பேரில் ஒருவர்

அப்படி வேறு நோய் எத்தனை பேருக்கு இருக்கும்? இதற்கு ஓரளவு தெளிவான பதிலை 2023இல் 'ஜாமா சைக்கியாட்ரி' மருத்துவ இதழில் வெளியான ஆய்வு தந்தது. முதல்முறை சைக்கோசிஸ் வந்து எம்ஆர்ஐ எடுக்கப்பட்ட 1,613 பேரின் விவரங்களை, 12 ஆய்வுகளிலிருந்து ஒன்றுசேர்த்து அது அலசியது.

- ஏதோ ஒரு மாற்றம் ஸ்கேனில் தெரிந்தவர்கள்: 26.4 சதவீதம்
- அந்த மாற்றத்தால் சிகிச்சையே மாறியவர்கள்: 5.9 சதவீதம்

அதாவது, சுமார் 18 பேருக்கு ஸ்கேன் எடுத்தால் ஒருவருக்கு அது சிகிச்சையை மாற்றுகிறது. மற்ற 17 பேருக்கு மாற்றுவதில்லை.

இந்த எண்ணை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் மருத்துவ உலகில் விவாதம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் 'நைஸ்' அமைப்பு, முதல்முறை சைக்கோசிஸ் வந்த எல்லோருக்கும் வழக்கமான பரிசோதனையாக ஸ்கேன் எடுக்கப் பரிந்துரைக்க முடியாது என்று 2008 பிப்ரவரியில் அறிவித்தது. அறிகுறி உள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் போதும் என்பது அதன் பொருள். 18இல் ஒருவர் என்பது சின்ன எண் அல்ல, வசதி உள்ள இடங்களில் எல்லோருக்கும் ஒருமுறை எம்ஆர்ஐ எடுக்கலாம் என்பது மற்றொரு தரப்பு.

ஒரு விஷயத்தில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஸ்கேன் எடுக்கக் காத்திருப்பதைக் காரணம் காட்டி மனநல சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

எப்போது ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது?

கீழே உள்ளவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் உடனடியாக மருத்துவமனைக்குப் போய், இதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்:

- வலிப்பு வந்தது
- காய்ச்சலோடு குழப்பமும் சேர்ந்து வந்தது
- விடாத தலைவலி, வாந்தி, பார்வை மங்கல்
- ஒரு பக்கம் கை, கால் பலவீனம், நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல்
- ஒரு நேரம் தெளிவாகவும் ஒரு நேரம் அரைமயக்கமாகவும் இருப்பது, நாள், இடம், ஆள் தெரியாமல் போவது
- சமீபத்தில் தலையில் அடிபட்டது. பைக் விபத்து, வேலையிடத்தில் விழுந்தது எல்லாமே இதில் சேரும்
- முகம், வாய், கைகளில் தானாக நடக்கும் விநோத அசைவுகள்
- குரல் கேட்பதைவிட உருவங்கள் தெரிவதே அதிகமாக இருப்பது
- நன்றாக இருந்தவர் ஓரிரு நாட்களிலேயே முற்றிலும் மாறிப்போனது
- பால்ய வயதிலோ நடுவயதைத் தாண்டியோ முதல்முறையாக வந்தது
- சரியான அளவில் மருந்து கொடுத்தும் பலனே இல்லாதது

முதலில் பார்த்த இளைஞரின் விஷயத்தில் இவை எதுவும் இல்லை என்றால், 'ஸ்கேன் இப்போது அவசரமில்லை, முதலில் சிகிச்சையைத் தொடங்குவோம்' என்று மருத்துவர் சொல்லலாம். அது அலட்சியம் அல்ல.

ஸ்கேனுக்குச் சிக்காத காரணங்கள்

ஸ்கேன் நார்மலாக இருந்தும் உடல்நோய் ஒளிந்திருக்கும் சூழல்கள் உண்டு. இங்கே ஸ்கேனைவிட மலிவான பரிசோதனைகளும், மருத்துவர் கேட்கும் கேள்விகளும்தான் உதவுகின்றன.

ரத்தச் சர்க்கரை, தைராய்டு, சோடியம், கல்லீரல், சிறுநீரகம், வைட்டமின் பி12, ஹெச்ஐவி, சிபிலிஸ் ஆகியவற்றை ரத்தப் பரிசோதனையில் பார்க்கலாம். கஞ்சா போன்ற போதைப்பொருள் பயன்பாட்டைச் சிறுநீர்ப் பரிசோதனை காட்டும். ஸ்டீராய்டு மாத்திரைகளும், காசநோய்க்குத் தரப்படும் ஐசோநியாசிடும்கூட அபூர்வமாக சைக்கோசிஸை உண்டாக்கும். அதற்காக அந்த மாத்திரைகளைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்பதை மருத்துவரிடம் சொன்னால் போதும், முடிவை அவர் எடுப்பார்.

இன்னொன்று, உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய். இதில் 'என்எம்டிஏ' வகையை ஜோசப் டால்மாவ் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு 2007இல் கண்டறிந்து விவரித்தது. இளம்பெண்களுக்கு அதிகம் வருகிறது. சிலருக்குச் சினைப்பையில் உள்ள கட்டி இதற்குக் காரணமாகிறது. தொடக்கத்தில் அச்சு அசலாக சைக்கோசிஸ் போலவே இருக்கும். பிறகு வலிப்பு, விநோத அசைவுகள், மயக்கம் என்று போகும். இதில் பலருக்கு எம்ஆர்ஐ நார்மலாகவே வரும். ஈஈஜியும் முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனையும்தான் காட்டிக்கொடுக்கும். 'ஸ்கேன் நார்மல்' என்பது உடல்நோய் இல்லை என்பதற்குக்கூட முழு உத்தரவாதம் அல்ல என்பதற்கு இது நல்ல உதாரணம்.

எந்த வேலை, எந்த ரசாயனம்?

தொழிற்பேட்டைப் பகுதியில் கட்டாயம் கேட்கப்பட வேண்டிய கேள்வி இது. சில ரசாயனங்கள் மூளையைப் பாதித்து மனநல அறிகுறிகளை உண்டாக்கும் என்பது புதிய செய்தி அல்ல. 1856இலேயே பாரிஸ் மருத்துவர் அகஸ்ட் டெல்பெக், ரப்பர் தொழிலில் கார்பன் டைசல்பைடை சுவாசித்த தொழிலாளர்களின் மனநிலை மாறிப்போவதைப் பதிவு செய்தார். மாங்கனீஸ் தூசியை நீண்டகாலம் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களிடமும் நடத்தை மாற்றங்கள் காணப்பட்டன. அதிக அளவில் கரைப்பான்களை சுவாசிப்பதும் மூளையைப் பாதிக்கும்.

இதை வைத்து, தொழிற்பேட்டையில் வேலை செய்யும் இளைஞருக்கு சைக்கோசிஸ் வந்தாலே ரசாயனம்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. ஆலைப் பக்கமே போகாத பிள்ளைகளுக்கும் இதே வயதில் இதே நோய் வருகிறது. ஆனால் எந்தப் பிரிவில் வேலை, என்ன ரசாயனம், மாஸ்க் உண்டா, சமீபத்தில் கசிவு ஏதாவது நடந்ததா, கூட வேலை செய்பவர்களுக்கும் தலைசுற்றல், தலைவலி இருக்கிறதா என்ற விவரங்களைக் குடும்பம் குறித்துக்கொண்டு போவது நல்லது. இந்த விவரம் ஸ்கேனில் கிடைக்காது, வாயால் சொன்னால்தான் உண்டு.

நைட் ஷிப்டும் அப்படித்தான். தொடர்ந்து தூக்கம் கெடுவது அறிகுறிகளைத் தீவிரப்படுத்தும். நோய் தணியும் வரை பகல் ஷிப்ட் மட்டும் தரும்படி மருத்துவரிடம் சான்று வாங்கி நிர்வாகத்திடம் கேட்கலாம்.

வெல்டிங், கிரைண்டிங் வேலையா? எம்ஆர்ஐக்கு முன் சொல்லுங்கள்

எம்ஆர்ஐ இயந்திரம் மிக வலுவான காந்தம். கிரைண்டிங், வெல்டிங், ஃபிட்டர் வேலை செய்பவர்களின் கண்ணுக்குள் கண்ணுக்கே தெரியாத இரும்புத் துகள் இருக்கக்கூடும். காந்தப்புலத்தில் அது நகர்ந்தால் பார்வையே போகலாம். எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். உடம்பில் பிளேட், ஸ்க்ரூ, பேஸ்மேக்கர் இருந்தாலும் சொல்ல வேண்டும்.

இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள், தலையில் சிப் வைத்துவிட்டார்கள் என்று நம்பும் ஒருவரைக் குறுகலான, டமடமவென்று சத்தம் போடும் குழாய்க்குள் படுக்கவைத்தால் பயம் கூடிவிடும். ஏமாற்றிக் கூட்டிப்போனால் மருத்துவமனை மீதே நம்பிக்கை போய்விடும். என்ன நடக்கும், எவ்வளவு நேரம் ஆகும், சத்தம் வரும் என்பதை முன்பே பொறுமையாகச் சொல்ல வேண்டும். அவசர அறிகுறி இல்லாவிட்டால், மருந்தில் மனம் கொஞ்சம் அமைதியான பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

ரிப்போர்ட்டில் ஏதோ எழுதியிருக்கிறதே?

மேலே சொன்ன ஆய்வில் நான்கில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு மாற்றம் தெரிந்தது. ஆனால் அதில் பெரும்பாலானவை சிகிச்சையை மாற்றவில்லை. சைனஸ் வீக்கம், பிறவியிலேயே இருக்கும் சின்ன நீர்க்கட்டி, சிறு வெள்ளைப் புள்ளிகள் போன்றவை ஆரோக்கியமாக இருப்பவர்களின் ஸ்கேனிலும் தெரிகின்றன. ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து, இணையத்தில் தேடிப் பார்த்து, "மூளையில கட்டியாம்" என்று குடும்பமே கலங்கிப்போவது அநாவசியம். ஸ்கேன் சென்டரில் தரும் தாள் முடிவு அல்ல. நோயாளியை நேரில் பார்த்த மருத்துவர் அதைப் படித்துச் சொல்வதுதான் முடிவு.

நேரம்தான் பெரிய மருந்து

ஸ்கேன் விவாதத்தைவிட நோயாளியின் எதிர்காலத்தை அதிகம் பாதிப்பது, முதல் அறிகுறிக்கும் முதல் சரியான சிகிச்சைக்கும் இடையிலான இடைவெளி. அமெரிக்காவில் 34 மையங்களில் 404 பேரிடம் நடந்து 2015இல் வெளியான 'ரெய்ஸ்' ஆய்வில், பாதிப் பேர் 74 வாரங்களுக்கும் மேலாகச் சிகிச்சை இல்லாமலேயே இருந்திருந்தார்கள். மருந்து, ஆலோசனை, குடும்பப் பயிற்சி, படிப்பு மற்றும் வேலைக்கான உதவி எல்லாம் சேர்ந்த சிகிச்சை, சீக்கிரம் வந்தவர்களுக்கே அதிகப் பலன் தந்தது. இந்த இடைவெளியை 3 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது சர்வதேச அளவிலான இலக்கு.

இந்தியாவில் நிலைமை இன்னும் கடினம். 2015-16இல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சைக்கோசிஸ் உள்ளவர்களில் சுமார் நான்கில் மூன்று பேர் சிகிச்சையில் இல்லை.

இடையில் குடும்பங்கள் கோயில், தர்கா என்று போவதும் உண்டு. நம்பிக்கை அவரவர் விருப்பம். மருந்தை நிறுத்துவதும், கட்டிப்போடுவதும்தான் ஆபத்து. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி நடந்த தீ விபத்தில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் உயிரிழந்தார்கள். மனநோய் உள்ளவரைச் சங்கிலியால் கட்டிவைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

நம்பிக்கை தரும் செய்திகளும் தமிழ்நாட்டிலிருந்தே வந்திருக்கின்றன. முதல்முறை மனச்சிதைவு வந்த 90 பேரை 1981இலிருந்து சென்னை மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். 10 ஆண்டு முடிவில் பெரும்பாலானோர் நல்ல நிலையில் இருந்தார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவராக அறியப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சென்னையில் 168 பேரையும் மான்ட்ரியலில் 165 பேரையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு ஊரிலும் ஒரே மாதிரியான சிகிச்சைதான். ஒதுங்கியிருத்தல், ஆர்வமின்மை போன்ற அறிகுறிகளில் சென்னை நோயாளிகளுக்கு இரண்டு ஆண்டுகளில் கூடுதல் முன்னேற்றம் தெரிந்தது. சென்னையில் குடும்பங்கள் சிகிச்சையோடு அதிகமாக ஒட்டியிருந்ததும் கவனிக்கப்பட்டது.

குடும்பம் கூடவே நிற்பது என்பது எந்த ஸ்கேன் இயந்திரமும் தர முடியாத பலம்.

கடலூர், சிதம்பரம் பகுதியில் எங்கே போவது?

- கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் சிகிச்சை பெறலாம்.
- சிதம்பரம் அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் ஸ்கேன் வசதியும் உள்ளன. முன்பு ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாக இருந்தது இதுதான்.
- புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையும் கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது.
- எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் இலவச சேவை இது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு.

தற்கொலை எண்ணம், மற்றவர்களைத் தாக்கும் நிலை, சாப்பாடு தண்ணீரையே மறுப்பது ஆகியவை இருந்தால் போனில் நேரம் கடத்தாமல் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் தேவை என்று மருத்துவர் சொன்னால், முதலில் அரசு மருத்துவமனையிலேயே எடுக்க முடியுமா என்று கேட்பது நல்லது. தனியார் சென்டரைவிட அங்கே கட்டணம் மிகக் குறைவு.

இஎஸ்ஐ இருந்தால்?

இஎஸ்ஐயில் பதிவாகியிருக்கும் தொழிலாளர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உள்பட, பலருக்கும் தெரியாத ஒரு பலன் இருக்கிறது. நீண்டகால நோய்கள் 34 கொண்ட பட்டியலில் சைக்கோசிஸும் உண்டு. பட்டியலில் உள்ள நோய் என்று சான்று கிடைத்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணப்பலன் கிடைக்கும். குறிப்பிட்ட காலம் வேலையில் இருந்து சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலையை விட்டு நின்றுவிடும் முன் இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் விசாரித்துவிடுவது நல்லது.

மற்றொரு உரிமை இன்ஷூரன்ஸ் சம்பந்தப்பட்டது. உடல்நோய்க்குக் கொடுப்பதுபோலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டுச் சட்டம்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எந்த நோயைச் சந்தேகித்து இந்த ஸ்கேன்?
2. சிடி போதுமா, எம்ஆர்ஐ வேண்டுமா?
3. ஸ்கேன் வரும் வரை மருந்தைத் தொடங்கலாமா?
4. ஸ்கேன் நார்மலாக வந்தால் அடுத்து என்ன?
5. மருந்தை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும், பக்கவிளைவு வந்தால் யாரிடம் சொல்வது?

கடைசிக் கேள்விக்குப் பொதுவான பதில்: முதல்முறை சைக்கோசிஸ் சரியான பிறகும் குறைந்தது ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு வரை மருந்து தொடர வேண்டியிருக்கும். தூக்கக் கலக்கம், எடை கூடுதல் போன்ற தொல்லைகள் வந்தால் மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தை மாற்றலாம். நன்றாகிவிட்டது என்று திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

ஆக, அந்தத் தாய்மாமனுக்கு என்ன பதில்?

ஸ்கேன் நார்மல் என்பது நல்ல செய்திதான். பையனுக்கு மூளைக் கட்டி இல்லை, ரத்தக்கசிவு இல்லை என்பது அதன் அர்த்தம். அவருக்குக் கேட்கும் குரல் பொய், அவர் நடிக்கிறார், அவருக்கு நோய் இல்லை என்பது அதன் அர்த்தம் அல்ல. கட்டி இல்லை என்று தெரிந்த பிறகு மீதமிருப்பது மருந்தால் சரியாகக்கூடிய சைக்கோசிஸ். மாத்திரையைத் தொடங்க வேண்டிய நேரம் அதுதான்.